குஜராத் நவநிர்மாண் கிளர்ச்சியும் அரசின் எதிர்வினையும் (1973–1975)

தமிழ்ச் சூழலில் மாணவர் கிளர்ச்சி என்றதும் 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டமே முதலில் நினைவுக்கு வரும். செஞ்சி அன்று உள்ளடங்கியிருந்த தென்னார்க்காடு மாவட்டத்தின் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் 27.01.1965 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். எனினும் பக்தவத்சலம் அமைச்சரவை பதவி விலகவில்லை. மாணவர்களின் சினம் ஈராண்டு கழித்து 1967 தேர்தலில் வெளிப்பட்டது. குஜராத் மாணவர்களோ 1974இல் அவ்வாறு காத்திருக்க மறுத்தனர். முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவையையே ஊழலைக் காரணம் காட்டிக் கலைக்கக் கோரினர், வென்றும் காட்டினர். அவ்வெற்றியின் எல்லை எது என்பதை அரசின் எதிர்வினைகளின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

கிளர்ச்சி சோற்றுத் தட்டிலிருந்து தொடங்கியது. விடுதி உணவுக் கட்டணம் 20 விழுக்காடு உயர்த்தப்பட்டதை எதிர்த்து, 20.12.1973 அன்று அகமதாபாத் எல்.டி. பொறியியல் கல்லூரி மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினர். அக்கட்டண உயர்வுக்குப் பின்னால் வறட்சியும் உணவுத் தட்டுப்பாடும் இருந்தன. கடலை எண்ணெயின் விலை கட்டுக்கடங்காமல் ஏறியிருந்தது. முதலமைச்சர் சிமன்பாய் பட்டேல் எண்ணெய் வணிகர்களிடம் பணம் பெற்று விலையேற்றத்துக்கு இடங்கொடுத்தார் என்ற குற்றச்சாட்டு பரவியது. விலைவாசியும் ஊழலும் ஒரே சொல்லில் இணைந்தது இப்புள்ளியில்தான். 'சிமன் சோர்' (திருடன் சிமன்) என்ற முழக்கம் கல்லூரி வாயிலைத் தாண்டி நடுத்தர வர்க்கத்தின் அடுக்களை வரை சென்றது. நவநிர்மாண் இளைஞர் குழு உருவாயிற்று. ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் அதற்குத் துணைநின்றனர்.

அரசு இதனை முதலில் சட்டம் ஒழுங்குச் சிக்கலாகவே கண்டது. தடியடி, ஊரடங்கு, துப்பாக்கிச் சூடு என நடவடிக்கைகள் கடுமையாயின; சனவரி இறுதியில் அகமதாபாத்துக்கு இராணுவம் அழைக்கப்பட்டது. உயிரிழந்தோர் நூற்றுக்குக் குறையார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ஒவ்வோர் ஒடுக்குமுறையும் கோரிக்கையை ஒரு படி உயர்த்தியதேயன்றித் தணிக்கவில்லை. கட்டணக் குறைப்பைக் கேட்டவர்கள் முதலமைச்சரின் விலகலைக் கேட்டனர். 09.02.1974 அன்று அவர் விலகியதும் குடியரசுத் தலைவர் ஆட்சி நடைமுறைக்கு வந்தது. ஆயினும் பேரவை கலைக்கப்படாமல் முடக்கி மட்டும் வைக்கப்பட்டது. காங்கிரசுக்கு அங்கிருந்த பெரும்பான்மையைக் காக்கும் ஏற்பாடாகவே மாணவர்கள் இதனைப் புரிந்துகொண்டனர். உறுப்பினர்களின் வீடுகளை முற்றுகையிட்டுப் பதவி விலகல் கடிதம் பெறும் உத்தி அதன்பின் வலுப்பெற்றது. அச்சுறுத்தலுக்கு அஞ்சிக் கையொப்பமிட்டோரும் இருந்தனர் என்பதை இக்கிளர்ச்சியைப் போற்றுவோர் எளிதில் கடந்துவிடலாகாது. மொரார்ஜி தேசாயின் உண்ணாநோன்பும் சேர்ந்து அழுத்தியதால் மார்ச் நடுவில் பேரவை கலைக்கப்பட்டது.

குஜராத்தில் பணிந்த தில்லி, பீகாரில் பணியவில்லை. 18.03.1974 அன்று பாட்னாவில் மாணவர்கள் சட்டப்பேரவையை முற்றுகையிட முனைந்தனர். பின்னர் ஜெயப்பிரகாஷ் நாராயணனின் தலைமையில் கிளர்ச்சி பெருகியபோதும் பீகார் பேரவை கலைக்கப்படவில்லை. ஒரு மாநிலத்தில் விட்டுக்கொடுத்தால் அடுத்த மாநிலமும் கேட்கும் என்ற பாடத்தையே நடுவண் அரசு குஜராத்திலிருந்து கற்றது எனக் கருத இடமுண்டு. குஜராத்துக்கான புதிய தேர்தலும் தானாக வரவில்லை. அதற்காக மொரார்ஜி 1975 ஏப்ரலில் மீண்டும் உண்ணாநோன்பிருக்க வேண்டியிருந்தது. காங்கிரசுக்குப் பாதகமான அத்தேர்தல் முடிவும், இந்திரா காந்தியின் தேர்தலைச் செல்லாதென அறிவித்த அலகாபாத் உயர்நீதிமன்றத் தீர்ப்பும் 12.06.1975 என்ற ஒரே நாளில் வெளிவந்தன. 25ஆம் நாள் இரவு நெருக்கடிநிலை பிறப்பிக்கப்பட்டது.

மாணவர்கள் கலைக்கச் செய்த பேரவைக்கு மாற்றாக அமைந்த ஆட்சியின் சேர்க்கை நுணுகி நோக்கத்தக்கது. பாபுபாய் பட்டேல் தலைமையிலான ஜனதா முன்னணிக்குத் தனிப்பெரும்பான்மை கிட்டவில்லை. அதற்கு ஆதரவளித்து ஆட்சியமைக்க உதவிய கட்சிகளுள் ஒன்று, காங்கிரசிலிருந்து வெளியேறிய சிமன்பாய் பட்டேல் புதிதாகத் தொடங்கிய கிசான் மஸ்தூர் லோக் பட்சம். கிளர்ச்சி தனியொருவரின் பதவியைக் குறிவைத்ததே தவிர, எண்ணெய் வணிகத்துக்கும் தேர்தல் நிதிக்கும் இடையிலிருந்ததாகச் சொல்லப்பட்ட பிணைப்பை விசாரணைக்கு உட்படுத்தும் நிலையான அமைப்பு எதையும் வற்புறுத்திப் பெறவில்லை. சிமன்பாய் பட்டேல் 1990இல் மீண்டும் குஜராத்தின் முதலமைச்சரானார்.