'இனி வரி ஏறாது' என்று சொன்ன பேரரசர்.. சீன கஜானா காலியானது எப்படி?

1843-ம் ஆண்டு. பெய்ஜிங்கில் உள்ள வருவாய் வாரியத்தின் வெள்ளிக் கிடங்கைத் திறந்து எண்ணிப் பார்க்கச் சொல்லி உத்தரவு வருகிறது. கணக்குப் புத்தகத்தின்படி உள்ளே 1 கோடியே 21 லட்சம் டேலுக்கு மேல் வெள்ளி இருக்க வேண்டும். எண்ணி முடித்தபோது இருந்தது சுமார் 29 லட்சம் டேல்தான். மீதி 92 லட்சத்து சொச்சம் காணோம்!

டேல் என்பது வெள்ளியை நிறுக்கும் எடைக் கணக்கு. ஒரு டேல் சுமார் 37 கிராம். அப்படிப் பார்த்தால் மாயமானது ஏறக்குறைய 340 டன் வெள்ளி. அபினி யுத்தத்தில் பிரிட்டனிடம் தோற்று, இழப்பீடு தர ஒப்புக்கொண்டு ஒரு வருஷம்கூட ஆகாத நேரம் அது.

பேரரசர் தாவ்குவாங் கொதித்துப் போனார். 1800-ல் இருந்து அந்தக் கிடங்குப் பொறுப்பில் இருந்த எல்லா அதிகாரிகளும் பணத்தைக் கட்ட வேண்டும் என்றார். செத்துப் போனவர்களையும் விடவில்லை. அவர்களின் பிள்ளைகள், பேரன்கள் பாதித் தொகையைக் கட்ட வேண்டும் என்று உத்தரவு.

ஒரு பேரரசின் கஜானாவிலேயே இது எப்படி நடந்தது? திருட்டு மட்டும்தான் காரணமா? இதைப் புரிந்துகொள்ள 130 வருஷம் பின்னால் போக வேண்டும்.

1712-ல் என்ன நடந்தது?

சிங் வம்சத்தின் பேரரசர் காங்ஷி 1712-ல் ஒரு அறிவிப்பை வெளியிட்டார். 1711-ம் ஆண்டுக் கணக்குப்படி தலைவரி கட்ட வேண்டியவர்களின் எண்ணிக்கை சுமார் 2 கோடியே 46 லட்சம். இனி எத்தனை பேர் பிறந்தாலும் இந்த எண்ணிக்கை உயராது, கூடுதல் தலைவரி கிடையாது என்பதுதான் அறிவிப்பு.

அடுத்து வந்த யோங்செங் காலத்தில் தலைவரியை நிலவரியோடு சேர்த்துவிட்டார்கள். நிலம் உள்ளவர் கட்டினால் போதும், இல்லாதவருக்குத் தனி வரி இல்லை. நிலவரி விகிதத்தை உயர்த்துவதும் முன்னோர் வாக்கை மீறுவதாகப் பார்க்கப்பட்டது.

கேட்க ரொம்ப நல்லா இருக்கு இல்லையா? சிக்கலும் இங்கேதான் தொடங்கியது. 1753 வாக்கில் அரசின் வரி வருமானத்தில் நான்கில் மூன்று பங்கு நிலவரியில் இருந்துதான் வந்தது. அந்த வருமானம் கிட்டத்தட்ட அப்படியே நிற்க, மக்கள்தொகை மட்டும் ஏறிக்கொண்டே போனது. 1700 வாக்கில் சுமார் 15 கோடியாக இருந்தது, 1850 வாக்கில் 43 கோடியைத் தொட்டது.

அதிகாரியின் சம்பளம் எவ்வளவு?

சிங் ஆட்சியில் மக்கள் நேரடியாகப் பார்க்கும் அரசு என்றால் அது வட்ட அதிகாரிதான். வரி வசூல், வழக்கு விசாரணை, சட்டம் ஒழுங்கு எல்லாம் அவர் பொறுப்பு. 19-ம் நூற்றாண்டில் ஒரு வட்டத்தில் லட்சக்கணக்கான மக்கள் இருந்தார்கள்.

இவருக்கு அரசு கொடுத்த அடிப்படைச் சம்பளம் வருஷத்துக்கு 45 டேல். பல வட்டங்களை உள்ளடக்கிய மாகாணங்களை ஆண்ட தலைமை ஆளுநருக்கே 180 டேல்தான்.

ஆனால் செலவு?

* சட்டமும் கணக்கும் தெரிந்த தனிச் செயலாளர்களை வட்ட அதிகாரி சொந்தக் காசில் வைத்துக்கொள்ள வேண்டும்.
* மேலதிகாரி வந்தால் விருந்து, விசேஷம் என்றால் பரிசு தர வேண்டும்.
* அலுவலகச் செலவு, பழுதுபார்ப்பு எல்லாம் பெரும்பாலும் அவர் தலையில்தான்.
* அவருக்குக் கீழே வேலை பார்த்த ஏவலர்களுக்கு வருஷச் சம்பளம் சுமார் 6 டேல். அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. அதனால் மனு கொடுக்க, வழக்குப் பதிய என்று ஒவ்வொன்றுக்கும் மக்களிடம் 'வழக்கமான கட்டணம்' வாங்கினார்கள்.

வசூலான வரியில் பெரும்பகுதி பெய்ஜிங்குக்கோ, பெய்ஜிங் கைகாட்டும் இடத்துக்கோ போய்விடும். வட்டத்தில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அப்போ மீதிப் பணத்துக்கு எங்கே போவது? மக்களிடம்தான்.

'சேதாரம்' என்ற பெயரில் வசூல்

விவசாயிகள் வரியைச் சின்னச் சின்ன வெள்ளித் துண்டுகளாகக் கொடுப்பார்கள். அதை உருக்கிக் கட்டியாக்கித்தான் மேலே அனுப்ப வேண்டும். உருக்கும்போது கொஞ்சம் வெள்ளி வீணாகும். அந்த நஷ்டத்தை ஈடுகட்ட வரியோடு சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாக வாங்குவார்கள். நகைக்கடையில் சேதாரம் போடுவார்களே, அதே கதைதான்.

உண்மையான சேதாரம் மிகக் குறைவு. ஆனால் வாங்கியதோ 100-க்கு 10, 20. சில இடங்களில் 30, 40 வரைகூடப் போனது. சட்டத்தில் இதற்கு இடம் இல்லை. ஆனால் இது இல்லாமல் ஒரு அலுவலகமும் ஓடாது என்பது பேரரசர் வரை எல்லோருக்கும் தெரியும். நேர்மையாக இருக்க நினைத்தவரும் இதை வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கினால், என்றைக்கு வேண்டுமானாலும் ஊழல் என்று பிடிபடலாம்.

யோங்செங் செய்த மாற்றம் என்ன?

1722-ல் காங்ஷி இறந்தபோது மத்திய கஜானாவில் இருந்தது சுமார் 80 லட்சம் டேல் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். பட்டத்துக்கு வந்த மகன் யோங்செங், 1723-ல் கணக்குத் தணிக்கைக்கு என்றே தனி அலுவலகம் தொடங்கினார். பணத்தில் கை வைத்தவர்களின் வீடு, சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டன.

ஆனால் தண்டனை மட்டும் போதாது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. 1724-ல் சேதார வசூலைச் சட்டப்பூர்வமாக்கினார். மாகாணத்துக்கு ஒரு விகிதம் நிர்ணயிக்கப்பட்டது. வசூலாகும் தொகை அதிகாரியின் பைக்குப் போகாமல் மாகாண கஜானாவுக்குப் போகும். அங்கிருந்து அதிகாரிகளுக்குக் கூடுதல் படி தரப்படும்.

அந்தப் படிக்கு வைத்த பெயர் 'யாங்லியான்'. நேர்மையை வளர்க்கும் வெள்ளி என்று பொருள். 45 டேல் வாங்கிய வட்ட அதிகாரிக்குப் பல நூறு டேல் முதல் 2,000 டேல் வரை கிடைத்தது. தலைமை ஆளுநர்களுக்கு 10,000 டேலையும் தாண்டியது. மிச்சப் பணத்தில் உள்ளூர்ப் பொதுச் செலவுகளும் நடந்தன. 1730 வாக்கில் மத்திய கஜானா இருப்பு 6 கோடி டேலை எட்டியது.

அப்புறம் ஏன் சரிந்தது?

காரணம் 1: விலைவாசியும் மக்கள்தொகையும் ஏறின, படி ஏறவில்லை. கீழ்மட்ட எழுத்தர்களுக்கும் ஏவலர்களுக்கும் இந்தப் படி கிடையாது. நாளடைவில் சேதாரத்துக்கு மேல் இன்னொரு சேதாரம் முளைத்தது.

காரணம் 2: மேல்மட்ட ஊழல். பேரரசர் சியான்லோங்கின் செல்லப்பிள்ளையாக இருந்த அமைச்சர் ஹேஷென் குவித்த சொத்து பெயர்பெற்றது. 1799-ல் சியான்லோங் இறந்த சில நாட்களில் ஹேஷென் கைதானார், தற்கொலை செய்துகொள்ளும்படி உத்தரவிடப்பட்டது. அதே சமயத்தில், 1796 முதல் 1804 வரை நடந்த வெள்ளைத் தாமரைக் கிளர்ச்சியை அடக்க 10 கோடி டேலுக்கு மேல் செலவானது.

காரணம் 3: வெள்ளி விலை. விவசாயி கையில் புழங்கியது செப்புக் காசு. வரிக் கணக்கோ வெள்ளியில். 1,000 காசுக்கு ஒரு டேல் என்பது அரசு சொன்ன விகிதம். கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியாவில் விளைந்த அபினி சீனாவுக்குள் கொட்டியது, பதிலுக்கு வெள்ளி வெளியே போனது. 1840-களில் ஒரு டேல் வாங்க ஏறக்குறைய 2,000 காசு தேவைப்பட்டது. அரசு வரியை ஒரு பைசாகூட ஏற்றவில்லை. ஆனால் விவசாயி கட்டியது இரண்டு மடங்கு.

கோபம் வெடித்தது. ஹூபெய் மாகாணத்தின் சோங்யாங்கில் கூடுதல் வசூலை எதிர்த்த மக்கள், 1842 தொடக்கத்தில் ஊரைக் கைப்பற்றி வட்ட அதிகாரியையே கொன்றார்கள். தலைமை தாங்கிய சோங் ரென்ஜியே பிடிபட்டு மரண தண்டனைக்கு ஆளானார். அடுத்த வருஷம்தான் பெய்ஜிங் கிடங்கில் வெள்ளி இல்லாத விஷயம் வெளியே வந்தது. பல வருஷமாகச் சரிபார்க்க வந்தவர்கள், எண்ணாமலேயே கணக்கு சரி என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

கடைசி அடி

1851-ல் தொடங்கிய தைப்பிங் கிளர்ச்சியில் நாட்டின் வளமான யாங்சி பகுதி கையை விட்டுப் போனது. படைக்குச் சம்பளம் தர பெய்ஜிங்கிடம் பணம் இல்லை. 1853-ல் யாங்சோ பகுதியில் 'லிகின்' என்ற புது வரி வந்தது. சரக்கு போகும் வழியில் சாவடி போட்டு 100-க்கு 1 என வாங்கினார்கள். சீக்கிரமே நாடு முழுக்கப் பரவியது. ஆனால் வசூலும் செலவும் மாகாண ஆளுநர்கள் கையில். எவ்வளவு வருகிறது என்பதே பெய்ஜிங்குக்குச் சரியாகத் தெரியாது.

பின்னால் வந்தது இழப்பீடுகளின் காலம்.

* 1895: ஜப்பானிடம் தோற்றதற்கு 20 கோடி டேல். லியாவ்தோங் பகுதியைத் திரும்பப் பெற மேலும் 3 கோடி.
* 1901: பாக்ஸர் கிளர்ச்சிக்குப் பிறகு எட்டு நாட்டுப் படைகள் உள்ளிட்ட வெளிநாடுகளுக்கு 45 கோடி டேல். 4 சதவீத வட்டியோடு 39 வருஷத் தவணை.

அப்போது பெய்ஜிங்கின் கணக்கில் வந்த ஆண்டு வருமானமே 10 கோடி டேலுக்குள்தான். 1901 இழப்பீடு மட்டும் ஏறக்குறைய தலைக்கு ஒரு டேல். அதைக் கட்ட மாகாணங்களுக்குப் பங்கு பிரித்துவிட்டார்கள். மாகாணங்கள் புதுப்புது வரிகளைப் போட்டன. 'வரி ஏறாது' என்ற பழைய வாக்கு காற்றில் பறந்தது.

1906-ல் வருவாய் வாரியத்தை நவீன நிதி அமைச்சகமாக மாற்றினார்கள். நாடு முழுமைக்கும் பட்ஜெட் போடும் முயற்சியும் நடந்தது. ஆனால் நேரம் கடந்திருந்தது. 1911 மே மாதம் ரயில் பாதைகளை மத்திய அரசு எடுத்துக்கொண்டதும், அதில் பணம் போட்டிருந்த சிச்சுவான் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அக்டோபர் 10-ல் வூச்சாங்கில் புரட்சி வெடித்தது. 1912 பிப்ரவரி 12-ல் கடைசிப் பேரரசர் பூயி பதவி துறந்தார். அப்போது அவருக்கு வயது 6.

காங்ஷியின் அறிவிப்புக்குச் சரியாக 200 வருஷம் கழித்து சிங் ஆட்சி முடிந்தது. 1901 இழப்பீட்டின் மீதித் தவணைகள் மட்டும் முடியவில்லை. அவை புதிய சீனக் குடியரசின் தலையில் ஏறின.