சர்ப்பகந்தா காட்டிய வழி

நினைத்த மாத்திரத்தில் கை அசைகிறது, கால் நடக்கிறது. இதற்காக மூளைக்குள் நிகழும் செய்திப் போக்குவரத்தை மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றில், நமது நாட்டு மூலிகை ஒன்றுக்கும் பங்கு உண்டு. அதுவே சர்ப்பகந்தா.

சித்தப் பிரமைக்கு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவந்த வேர் அது. 1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் அதன் குணங்களை எழுதி வெளியிட்டனர். 1949-இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் மருத்துவ ஏடொன்றில் எழுதிய கட்டுரை, மேலைநாட்டார் கவனத்தை ஈர்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரெசர்ப்பின் என்னும் சத்துப் பிரித்தெடுக்கப்பட்டது.

சுவீடன் நாட்டு விஞ்ஞானி அர்விட் கார்ல்சன் 1957-இல் ரெசர்ப்பினை முயல்களுக்குச் செலுத்தினார். அவை அசைவற்றுக் கிடந்தன. பின்னர் டோப்பா என்னும் பொருளைச் செலுத்தினார். சிறிது நேரத்தில் அவை எழுந்து நடமாடின! டோப்பா மூளைக்குள் டோப்பமீனாக மாறியதே காரணம். அதுவரை டோப்பமீனை, வேறொரு பொருள் உண்டாவதற்கான இடைநிலைப் பொருளாகவே அறிஞர்கள் கருதியிருந்தனர்.

இது எவ்வாறு வேலை செய்கிறது? ஒரு நரம்பணுவுக்கும் அடுத்ததற்கும் இடையே நுண்ணிய இடைவெளி உண்டு. அணுவின் நுனியிலுள்ள சிறு பைகளில் டோப்பமீன் சேமிக்கப்பட்டிருக்கும். மின்துடிப்பு வந்ததும் அது வெளிப்பட்டு, இடைவெளியைக் கடந்து, அடுத்த அணுவின் ஏற்பிகளில் பொருந்திச் செய்தியைச் சேர்ப்பிக்கிறது. பின்னர் அனுப்பிய அணுவே அதனைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ரெசர்ப்பினோ, அப்பைகளில் டோப்பமீன் சேரவொட்டாமல் தடுக்கிறது. களஞ்சியம் வெறுமையானதால் முயல்கள் முடங்கின.

1960-இல் லண்டனில் கூடிய அறிஞர்கள் பலர் இதனை ஏற்கத் தயங்கினர். ஆனால் அவ்வாண்டே வியன்னாவில் எரிங்கர், ஹார்னிகீவிச் ஆகியோர், நடுக்குவாதமாகிய பார்க்கின்சன் நோயால் இறந்தோரின் மூளையில், இயக்கத்தை ஆளும் பகுதியில் டோப்பமீன் மிகவும் குறைந்திருக்கக் கண்டனர். மறு ஆண்டு நோயாளிகளுக்கு டோப்பா ஊசி போடப்பட்டது. படுக்கையில் முடங்கியிருந்தோர் சிலர் எழுந்து நடந்தனர். நோய் தீரவில்லையெனினும் வேதனை தணிந்தது. கார்ல்சன் 2000-இல் நோபெல் பரிசை வேறிருவருடன் பகிர்ந்துகொண்டார்.

இதில் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1937-இலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் இராமசாமியும், நம் ஊர் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலிருந்து டோப்பாவைப் பிரித்தெடுத்திருந்தனர். களஞ்சியத்தை வெறுமையாக்கும் வேரும் நிரப்பும் விதையும் நம் மண்ணிலேயே இருந்தன. இரண்டின் சத்துக்களையும் ஒரே சோதனையில் சேர்த்துப் பார்க்கும் எண்ணம் வேறிடத்தில் பிறந்தது. மூலிகையின் பெருமையைப் பேசுவதோடு நில்லாமல், அது எவ்வாறு வேலை செய்கிறது என்று கேட்பதே அறிவு வளர வழி.