துணை நடிகர்

திரைப்படத்திலோ தொலைக்காட்சித் தொடரிலோ பெயரும் வசனமும் இல்லாமல் காட்சியின் பின்னணியை நிரப்புபவர் துணை நடிகர். சந்தையில் காய்க்குப் பேரம் பேசுபவர், கல்யாணப் பந்தியில் இலைமுன் உட்கார்ந்திருப்பவர், நீதிமன்றத்தில் பின்வரிசையில் இருப்பவர் எல்லாம் இவர்களே. விருதுப் பட்டியலில் வரும் ‘சிறந்த துணை நடிகர்’ வேறு. அவர் கதையில் நாயகனுக்கு அடுத்த நிலையில் உள்ள பாத்திரத்தை ஏற்பவர். பின்னணியில் நிற்பவரைப் படப்பிடிப்புத் தளத்தில் ‘எக்ஸ்ட்ரா’ என்றும், அது மரியாதைக் குறைவாகப் படவே ‘ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்’ என்றும் சொல்லும் பழக்கம் வந்தது.

சென்னையில் இத்தொழில் கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் வட்டாரத்தில் ஏஜென்ட்டுகளை நம்பி நடக்கிறது. மறுநாள் காட்சிக்கு எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள், எந்த வயதில் வேண்டும் என்பதைப் படக்குழு முதல்நாள் தெரிவிக்கும். ஏஜென்ட் ஆள் திரட்டி வண்டியில் கொண்டுவந்து இறக்குவார். கூலி கால்ஷீட் கணக்கில். அதில் ஏஜென்ட்டின் பங்கு கழியும். ஆள் பொறுக்குவது பெரும்பாலும் தோற்றத்தை வைத்துத்தான். பணக்கார வீட்டு விருந்துக்குச் சிவந்த நிறம், குப்பத்துக் காட்சிக்குக் கறுத்த நிறம் என்று பிரிக்கும் வழக்கத்தில் நடிப்புத் திறனுக்கு இடமே இல்லை.

வேலையில் பெரும்பகுதி காத்திருப்பது. விளக்குகளைச் சரிசெய்து, நாயகன் ஒப்பனை முடித்து வரும்வரை நிழல் தேடி உட்கார வேண்டும். கேமரா ஓடத் தொடங்கியதும் சொன்ன இடத்திலிருந்து சொன்ன இடத்துக்கு நடக்க வேண்டும். எத்தனை டேக் போனாலும் அதே நேரத்தில் அதே நடை. கேமராவைப் பார்க்கக் கூடாது. வசனத்தைத் தளத்திலேயே ஒலிப்பதிவு செய்யும்போது பின்னணியில் இருப்பவர்கள் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்பார்கள். கூட்டத்தின் இரைச்சல் பிறகு சேர்க்கப்படும். டப்பிங்கிலேயே நெடுங்காலம் ஓடிய தமிழ்ப் படங்களில் இந்தக் கட்டுப்பாடு அவ்வளவு கடுமையாக இருக்கவில்லை.

முகம் பதிவதில்தான் இத்தொழிலின் விசித்திரம் இருக்கிறது. மற்ற நடிகர்களுக்குத் திரையில் முகம் பதிந்தால் வாழ்வு. துணை நடிகருக்கு அண்மைக் காட்சியில் முகம் பதிந்துவிட்டால் அதே படத்தில் வேறு கூட்டத்தில் நிற்கும் வாய்ப்பு, அதாவது பல நாள் கூலி, போய்விடும். பதியாத முகம் காலையில் சந்தையிலும் மாலையில் ரயில் நிலையத்திலும் புடவையை மட்டும் மாற்றிக்கொண்டு நிற்கலாம்.

நடிகர்தேர்வுப் பிரிவின் வாசலில் காத்து நிற்பவர்களைத் தமிழில் மறக்க முடியாதபடி காட்டியவர் எழுத்தாளர் அசோகமித்திரன். ஜெமினி ஸ்டூடியோவில் பணியாற்றிய அவருடைய ‘புலிக்கலைஞன்’ கதையில் வேலை கேட்டு வருபவரின் அபாரமான திறமைக்கும், ஸ்டூடியோ தரக்கூடிய சில்லறை வேடத்துக்கும் உள்ள தூரம்தான் கதை.

ஹாலிவுட்டில் 1920களில் ஸ்டூடியோ வாசல்களில் வேலை தேடிக் குவிந்த கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் சுரண்டலைத் தடுக்கவும் 1925இல் சென்ட்ரல் காஸ்டிங் நிறுவப்பட்டது. கேரி கூப்பர் போலக் கூட்டத்தில் நின்று தொடங்கி நட்சத்திரமானவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் விதிவிலக்கு.

கூட்டத்தின் அளவில் உச்சம் ரிச்சர்ட் அட்டன்பரோவின் ‘காந்தி’ (1982). இறுதி ஊர்வலக் காட்சி 1981 ஜனவரி 31 அன்று, உண்மையான ஊர்வலம் நடந்த அதே தேதியில், டெல்லியில் படமானது. 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். அவர்களில் பெரும்பாலோர் கூலி வாங்காமல் வந்தவர்கள்.

அப்படி ஆள் திரட்டும் தேவை இப்போது குறைந்துவிட்டது. சில பத்துப் பேரை இடம் மாற்றி மாற்றிப் படமெடுத்து ஒட்டினால் அரங்கம் நிறைந்ததாகத் தெரியும். ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களின் போர்க்களங்களுக்காக ஸ்டீபன் ரெகலஸ் உருவாக்கிய ‘மாசிவ்’ மென்பொருளில் ஒவ்வொரு கணினி வீரனும் தானே முடிவெடுத்துச் சண்டையிட்டான். துணை நடிகரின் உடலை ஸ்கேன் செய்து டிஜிட்டல் நகலாகப் பயன்படுத்துவது, 2023இல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள் நடத்திய வேலைநிறுத்தத்தில் முக்கியப் பிரச்சினைகளுள் ஒன்றானது. ஸ்கேன் செய்யவும் நகலைப் பயன்படுத்தவும் ஒப்புதல் வேண்டும் என்றும், ஒரு நாள் படப்பிடிப்புக்கு அமர்த்தியாக வேண்டிய துணை நடிகர்களின் எண்ணிக்கையை நகல்களைக் கொண்டு ஈடுகட்டக் கூடாது என்றும் வேலைநிறுத்தத்தின் முடிவில் ஏற்பட்ட ஒப்பந்தம் விதித்தது.