ஹெரால்டில் இல்லாத ஃபேன் கிளட்ச்

பெருங்களத்தூர் சிக்னலில் நண்பரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கொதித்துவிட்டது. "ஃபேன் கிளட்ச் போயிருக்கும், மாத்திடலாம்" என்றேன்.

சோதனை எளிது. எஞ்சினை அணைத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் விசிறியைக் கையால் சுற்ற வேண்டும். கிளட்சுக்குள் இருக்கும் சிலிக்கான் எண்ணெய் இழுத்துப் பிடிக்கணும். தடையே இல்லாமல் சுற்றினால் கிளட்ச் காலி.

பானெட்டைத் திறந்து சுற்றினேன். விசிறியோடு எஞ்சினும் சேர்ந்து அசைந்தது! கிராங்க்ஷாஃப்ட் முனையிலேயே போல்ட் போட்ட விசிறி. கிளட்சே கிடையாது.

1961ல் ஹெரால்டைக் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இதே ஜி.எஸ்.டி. சாலையில், வண்டலூர் பக்கம்தான் இருந்தது. இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டுதான் இதற்கு மூலம். அதன் உறவான ஸ்பிட்ஃபயர், 1970களில் 1500 மாடலில் கிளட்ச் வைத்த விசிறிக்கு மாறியது. நம் ஹெரால்டு பழைய விசிறியோடே நின்றுவிட்டது. 1988ல் தொழிற்சாலையில் கார் உற்பத்தியும் நின்றது.

நேரடி விசிறி கெட்டுப்போக வழி குறைவு. ஆனால் சிக்னலில் எஞ்சின் மெதுவாக ஓடினால் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். ரேடியேட்டர் கொஞ்சம் அடைத்திருந்தாலும் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். தாம்பரத்தில் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தோம், சூடு அடங்கியது.

இல்லாத பாகத்தைத் தேடி நண்பரை ஊர் ஊராக அலையவிட்டிருப்பேன். வண்டியின் வரலாற்றை முதலில் படித்திருக்கணும்.