யூதர்களின் வெள்ளிக்கிழமை அடுப்பு

இந்த முறை சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன். சமையல் குறிப்பு எதுவும் இல்லை, வரலாறுதான். பயப்படாமல் படிக்கலாம் :-)

ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் விடுமுறை, அம்மாவைத் தவிர. அன்றைக்குத்தான் கறி, குழம்பு, பாயசம் என்று வேலை இரண்டு மடங்கு. அநேகமாக உங்கள் வீட்டிலும் இதே கதையாக இருக்கும். உலகத்துக்கே "வாரத்தில் ஒரு நாள் ஓய்வு" என்ற பழக்கத்தைக் கொடுத்த யூதர்கள் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடப் போனேன். அவர்களுடைய தீர்வு ஒரே வரிதான்: அன்றைக்கு யாருமே சமைக்கக் கூடாது. அந்த ஒரு வரியைக் கடைப்பிடிக்க வாரம் முழுக்கத் திட்டம் போட வேண்டியிருந்தது.

முதலில் விதியைப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதில் தொடங்கி, சனிக்கிழமை இரவு மூன்று நட்சத்திரம் தெரியும் வரை ஷபாத், அதாவது ஓய்வுநாள். அந்த நேரத்தில் வீட்டில் நெருப்பு மூட்டக் கூடாது என்று யாத்திராகமத்தின் 35ஆம் அதிகாரம் சொல்கிறது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு, அன்று செய்யக் கூடாத வேலைகள் 39 என்று பட்டியல் போடுகிறது. அதில் முதல் பதினொன்றும் ரொட்டி செய்யும் வேலைகள். விதைப்பது, உழுவது, அறுப்பது, போரடிப்பது, தூற்றுவது, அரைப்பது, சலிப்பது என்று போய் மாவு பிசைவது, சுடுவது வரை எல்லாமே தடை. நெருப்பை அணைப்பதும் தடைதான்.

இவ்வளவு தடை இருந்தால் அன்றைக்கு விரதம் என்று நாம் நினைப்போம். அங்கேதான் தப்பு. ஷபாத்தில் மூன்று வேளை சாப்பிட வேண்டும், அதுவும் நல்ல சாப்பாடாக, விருந்தாகச் சாப்பிட வேண்டும் என்பதும் விதி. சமைக்கவும் கூடாது, விருந்தும் வேண்டும். அப்படியானால் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் பழைய கதை பைபிளிலேயே இருக்கிறது. வனாந்தரத்தில் வானத்திலிருந்து மன்னா விழுந்த கதை நம்மில் பலருக்குத் தெரியும். ஆறாம் நாள் மட்டும் இரண்டு மடங்கு கிடைக்கும். ஏழாம் நாளுக்கானதை முதல் நாளே சுட்டும் வேகவைத்தும் எடுத்து வைக்க வேண்டும். இன்றும் வெள்ளி இரவு மேஜையில் ஹல்லா என்ற ரொட்டியை இரண்டாக வைப்பது அந்த இரட்டைப் பங்கின் நினைவாகத்தான்.

ஆனால் மளிகை தானாக வானத்திலிருந்து விழாதே! முதலாம் நூற்றாண்டை ஒட்டி ஹில்லெல், ஷம்மாய் என்று இரண்டு பெரிய ஆசான்கள் இருந்தார்கள். ஷம்மாய் ஞாயிற்றுக்கிழமையே ஷபாத்துக்குச் சாமான் சேர்க்க ஆரம்பித்துவிடுவாராம். சந்தையில் நல்ல ஆடு, மாடு எதையாவது பார்த்தால் "இது ஷபாத்துக்கு" என்று வாங்கி வைப்பார். புதன்கிழமை அதைவிட நல்லது கிடைத்தால் புதியதை ஷபாத்துக்கு ஒதுக்கிவிட்டு முதலில் வாங்கியதைச் சாப்பிடுவார். ஹில்லெல் வேறு ரகம். அந்தந்த நாளை ஆண்டவன் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை. இரண்டு பேருடைய வழியையும் தல்மூத் மரியாதையோடு பதிவு செய்கிறது. எனக்கென்னவோ, ஹில்லெல் வீட்டில் வெள்ளிக்கிழமை மத்தியானம் யார் ஓடியிருப்பார்கள் என்பதுதான் கேள்வி.

கிழமைக்கு ஒரு வேலை என்ற ஒழுங்கும் அப்போதே இருந்தது. எஸ்றா ஏற்படுத்தியதாகத் தல்மூத் சொல்லும் பத்து விதிகளில், துணி துவைப்பது வியாழக்கிழமை என்பது ஒன்று. வெள்ளிக்கிழமையைச் சமையலுக்குக் காலியாக வைக்கத்தான். பெண்கள் விடியற்காலையில் எழுந்து ரொட்டி சுட வேண்டும் என்பது இன்னொன்று. வாசலுக்கு வரும் ஏழைக்குக் கொடுக்கக் கையில் ரொட்டி இருக்க வேண்டுமே என்பது அதற்குச் சொன்ன காரணம்.

வெள்ளி மாலை இருட்டும் நேரத்தில் வீட்டு ஆண் மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்கிறது மிஷ்னா. தசமபாகம் பிரித்தாயா? ஏரூவ் வைத்தாயா? (பொருள்களை எடுத்துப் போவதற்கான எல்லை ஏற்பாடு இது, பின்னால் வருகிறது.) விளக்கை ஏற்று. தல்மூத் இதற்கு ஒரு குறிப்பு சேர்க்கிறது: இந்த மூன்றையும் மெதுவாக, இதமாகச் சொல்ல வேண்டும், அப்போதுதான் வீட்டார் ஏற்றுக்கொள்வார்கள். இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். 1500 வருஷத்துக்கு முன்பே வெள்ளி மாலைகளில் என்ன மாதிரி சத்தம் கேட்டிருக்கும் என்று இதிலிருந்தே தெரிகிறது.

ஆண்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பெரிய அறிஞர்கள் ஷபாத்துக்காகத் தாங்களே செய்த வேலைகளைத் தல்மூத் வரிசையாகச் சொல்கிறது. ராவா மீனுக்கு உப்புப் போட்டார், ரவ் ஹிஸ்தா பீட்ரூட் கீரை நறுக்கினார், ரவ் பாப்பா திரி திரித்தார், ரபாவும் ரவ் யோசேப்பும் விறகு பிளந்தார்கள். ஆனால் இதையெல்லாம் பெயர் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதிலேயே விஷயம் இருக்கிறது. தினமும் நடப்பதை யாரும் எழுதி வைப்பதில்லை.

பெயர் இல்லாத ஒருத்தியின் கதையும் அதே தல்மூத்தில் இருக்கிறது. ஹனினா பென் தோசா என்பவர் பரம ஏழை. அவர் மனைவி ஒவ்வொரு வெள்ளியும் வெறும் அடுப்பை மூட்டி, புகை வருகிற மாதிரி எதையாவது அதற்குள் போடுவாள். வீட்டில் மாவே இல்லை; அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்ற வெட்கம். பொல்லாத பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, இவர்களிடம் ஒன்றும் கிடையாதே, அப்புறம் என்ன புகை என்று பார்க்க வந்து கதவைத் தட்டினாள். இவள் கூசிப்போய் உள்ளறைக்குப் போய்விட்டாள். வந்தவள் பார்க்கிறாள், அடுப்பு நிறைய ரொட்டி, தொட்டி நிறைய மாவு! ரொட்டி கருகுகிறது, அடுப்புக் கரண்டியைக் கொண்டு வா என்று கூப்பிட்டாள். "அதை எடுக்கத்தான் உள்ளே வந்தேன்" என்றாளாம் இவள். அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அந்தப் புகையை நான் நம்புகிறேன். வெள்ளிக்கிழமை அடுப்பு எரியாவிட்டால் ஊருக்குள் தலைகாட்ட முடியாத நிலை இருந்திருக்கிறது.

சரி, வெள்ளி இரவுச் சாப்பாட்டைச் சூடாகப் போட்டுவிடலாம். சனிக்கிழமை மத்தியானத்துக்கு என்ன செய்வது? சூட்டைக் காப்பாற்ற வேண்டும். பானையை எதற்குள் பொதித்து வைக்கலாம் என்பதற்கு மிஷ்னாவில் தனி அத்தியாயமே உண்டு. துணி, தானியம், புறா இறகு, தச்சன் பட்டறை மரத்தூள் இதெல்லாம் சரி. எரு, சுண்ணாம்பு போன்றவை கூடாது. அவை சூட்டைக் காப்பதோடு நிற்காமல் சூட்டைக் கூட்டும். (இயற்பியல் படிக்கும் நண்பர்கள் கவனிக்க!) அடுப்பிலேயே விட்டுவிடுவதானால், பண்டம் ஷபாத்துக்கு முன் ஓரளவாவது வெந்திருக்க வேண்டும். அந்த ஓரளவுக்கு ஒரு கொள்ளைக்காரன் பெயர், "பென் துரோசாய் சாப்பாடு". அவன் எப்போதும் அவசரத்தில் இருந்ததால் அரைகுறையாக வெந்ததையே தின்பானாம்.

இப்படிப் பிறந்ததுதான் கறி, தானியம், பருப்பு வகை எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு இரவு முழுக்க மெதுவாக வேகவிடும் குழம்பு. எபிரேயத்தில் ஹமின், "சூடானது" என்று பொருள். கிழக்கு ஐரோப்பாவில் சோலண்ட். ஸ்பெயினில் அதாஃபினா, "புதைத்தது" என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. தணலுக்குள் புதைத்து வைப்பதால் அந்தப் பெயர்.

ஒரு பானைக் குழம்புக்குள் மதச் சண்டையும் இருந்தது. எட்டாம் நூற்றாண்டு முதல் காரைய்ட் என்ற பிரிவினர், வேதத்தில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டு, ஷபாத் தொடங்கும்போது வீட்டில் நெருப்பே இருக்கக் கூடாது என்றார்கள். ஆரம்பகாலக் காரைய்ட்டுகள் வெள்ளி இரவை இருட்டில், ஆறிய சாப்பாட்டோடு கழித்தார்கள். இதற்குப் பதிலாக, 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த செரஹியா ஹலேவி என்ற ரபி, சனிக்கிழமை சூடான ஹமின் சாப்பிடாதவனைச் சந்தேகிக்க வேண்டும் என்று எழுதினார். சூடாகச் சாப்பிடுவது நீ எந்தப் பக்கம் என்று காட்டும் அடையாளமாகிவிட்டது.

அந்த அடையாளமே ஸ்பெயினில் உயிருக்கு உலை வைத்தது. 1391 கலவரங்களிலும் அதற்குப் பிறகும் ஆயிரக்கணக்கான யூதர்கள் கிறிஸ்தவர்களாக மாறினார்கள், பலர் மாற்றப்பட்டார்கள். அவர்களில் யார் ரகசியமாகப் பழைய மதத்தைக் கடைப்பிடிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க 1478இல் போப்பின் ஆணையோடு விசாரணை மன்றம் உருவானது. 1481இல் செவில்லில் முதல் ஆட்களை எரித்தார்கள். எதை வைத்துக் கண்டுபிடிப்பது? மனதுக்குள் எட்டிப் பார்க்க முடியாது, அடுப்படிக்குள் பார்க்கலாம். தேவாலயங்களில் வாசிக்கப்பட்ட ஆணைகள் மக்கள் கவனிக்க வேண்டிய அறிகுறிகளைச் சொல்லின. வெள்ளி மாலை சீக்கிரமே விளக்கேற்றுகிறார்களா? சனிக்கிழமை சுத்தமான துணி உடுத்துகிறார்களா? சனிக்கிழமைக்கான சாப்பாட்டை வெள்ளியே சமைக்கிறார்களா?

சாட்சி சொன்னவர்களில் வீட்டு வேலைக்காரர்கள் நிறைய. பானையில் கொண்டைக்கடலையும் கறியும் போட்டு இரவு முழுக்கத் தணலில் வைத்தார்கள் என்பது வாக்குமூலம் ஆனது. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு ஹனினாவின் மனைவிதான் நினைவுக்கு வந்தாள். அவள் பக்கத்து வீட்டாருக்காகப் புகை போட்டாள். இவர்கள் பக்கத்து வீட்டாருக்குத் தெரியாமல் பானை வைக்க வேண்டியிருந்தது. ஆண்கள் கூடும் தொழுகைக்கூடம் போய்விட்ட நிலையில் மிச்சமிருந்த மதமெல்லாம் வீட்டுக்குள்தான் இருந்தது, அதனால் மாட்டிக்கொண்டவர்களிலும் பெண்கள் அதிகம் தெரிகிறார்கள். 1492இல் மதம் மாறாத யூதர்கள் ஸ்பெயினை விட்டே விரட்டப்பட்டார்கள். பானை மட்டும் தங்கிவிட்டது. இன்றைய ஸ்பானிய கொசிதோ குழம்புக்கு அதாஃபினாதான் மூலம் என்று பல உணவு வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். ஒரே வித்தியாசம், அதில் இப்போது பன்றிக்கறி இருக்கும்.

கிழக்கு ஐரோப்பாவின் கதை இவ்வளவு இருட்டானது இல்லை. அங்கே குளிர், எல்லா வீட்டிலும் இரவு முழுக்க அடுப்பெரிக்க விறகு கட்டுப்படியாகாது. அதனால் வெள்ளி மத்தியானம் வீட்டுக்கு வீடு பானையைத் தூக்கிக்கொண்டு ஊர் ரொட்டிக்கடைக்குப் போவார்கள். அந்த வாரத்து ரொட்டி சுட்டு முடித்த பெரிய அடுப்பு மெல்ல ஆறிக்கொண்டிருக்கும். எல்லாப் பானையையும் உள்ளே தள்ளி வாயை அடைத்துவிடுவார் கடைக்காரர். சனிக்கிழமை தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் போய் எடுத்து வருவார்கள். ஷபாத்தில் தெருவில் பொருளைத் தூக்கிப் போகக் கூடாது என்பதும் விதியாயிற்றே? அதற்குத்தான் மேலே சொன்ன ஏரூவ். ஊர்ப் பகுதியைச் சுற்றிக் கம்பமும் கயிறும் கட்டி அதற்குள் எல்லாம் ஒரே வளாகம் என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். (ஜெர்மன் கவிஞர் ஹைனே 1851இல் வெளிவந்த தொகுப்பில் இந்தக் குழம்பைப் புகழ்ந்தே கவிதை எழுதினார். அவர் அதற்கு வெகுகாலம் முன்பே கிறிஸ்தவராக மாறியவர். நாக்கு மாறவில்லை போல.)

லித்துவேனியாவின் வில்னா நகரில் அப்படிப் பானை தூக்கிய ஒரு சிறுமி பிறகு அமெரிக்கா போனார். அவர் சொன்ன இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த மகன் இர்விங் நாக்சன் ஒரு பொறியாளர். பானையைச் சுற்றி மின்சூடு கொடுக்கும் கருவி ஒன்றைச் செய்து 1936இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1940இல் கிடைத்தது. 1970இல் ரைவல் என்ற நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, 1971இல் "கிராக்பாட்" என்ற பெயரில் அதை விற்பனைக்கு விட்டது. அமெரிக்கப் பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. காலையில் போட்டுவிட்டு ஆபீஸ் போனால் சாயங்காலம் சாப்பாடு தயார் என்பதுதான் விளம்பரத்தின் சாரம். கோடிக்கணக்கில் விற்றது. வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு வில்னா ரொட்டிக்கடை தெரிந்திருக்கும்?

இன்றைக்கும் கட்டுப்பாடான யூதக் குடும்பங்களில் வாரம் இதே தாளத்தில்தான் ஓடுகிறது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் செவ்வாய், புதனிலேயே மெனு முடிவாகிவிடும். யார் விருந்தாளி, எத்தனை பேர் என்பதைப் பொறுத்து. வியாழன் இரவு பாதிச் சமையல் முடிந்திருக்கும். சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பு விளக்கேற்ற வேண்டும், ஜெருசலேமில் 40 நிமிடம். ஜூன் மாத லண்டனில் சூரியன் மறைய ராத்திரி 9 மணிக்கு மேல் ஆகும், பிரச்சினை இல்லை. டிசம்பரில் 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும். ஆபீஸில் அரை நாள் லீவு கேட்டு ஓடி வந்தாலும் அன்றைக்குப் புதிதாக எதையும் சமைக்க நேரமிருக்காது.

சோலண்டுக்கு இப்போது இன்னொரு வாழ்வும் வந்திருக்கிறது. ஜெருசலேம், ப்னே ப்ராக், ப்ரூக்ளின் பகுதிகளில் உள்ள சில கடைகள் வியாழக்கிழமை இரவே அதைச் சுடச்சுட விற்கின்றன. மதப் பள்ளி இளைஞர்கள் நள்ளிரவு வரை கூட்டமாக நின்று சாப்பிடுகிறார்கள். நெருப்பு மூட்டக் கூடாத நாளுக்காகக் கண்டுபிடித்த குழம்பு, நெருப்பு தாராளமாக எரியும் ஒரு இரவில் தட்டில் விழுகிறது. அதே நேரத்தில் அவர்கள் வீடுகளில் ஹல்லாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருப்பார்கள்.