ஒரு பள்ளி, பல போர்கள்: ஜப்பானியர் ஆட்சிக்காலம் பற்றிய பழைய மாணவர் நினைவுகள்

முன்னுரை

ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கியது. அன்று தொடங்கி 1945 செப்டம்பர் வரை மலாயாவில் நிகழ்ந்தவற்றின் படைத்துறை வரலாறு விரிவாகவே எழுதப்பட்டுள்ளது. ஆனால், அக்காலத்தில் பள்ளிப் பருவத்தில் இருந்தோர் என்ன ஆயினர் என்னும் வினாவிற்கு அரசு ஆவணங்கள் தரும் விடை மிகக் குறைவு. அக்குறையைப் பெரும்பாலும் நிரப்புவன பழைய மாணவர்களின் நினைவுகளே. கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தை மையமாகக் கொண்டு, அத்தகைய நினைவுகள் எவற்றைச் சொல்கின்றன, எவற்றைச் சொல்லாமல் விடுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பள்ளியின் பின்புலம்

விக்டோரியா கல்விக்கூடம் 1893ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. விக்டோரியா அரசியாரின் 1887ஆம் ஆண்டுப் பொன்விழாவிற்கெனத் திரட்டப்பட்ட நிதியின் எஞ்சிய தொகையும் நகரப் பெருமக்களின் நன்கொடையும் இதற்கு முதலாயின. தொடக்கக்கால அறங்காவலருள் தம்புசாமிப் பிள்ளை, லோக் இயூ, யாப் குவான் செங் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். 1929இல் பள்ளி பெட்டாலிங் குன்றிலிருந்த புதிய கட்டடத்திற்கு மாறியது.

பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் (1816), சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்விக்கூடம் (1823) போன்று இதுவும் இங்கிலாந்தின் ஆண்கள் பள்ளிகளை ஒட்டி அமைந்ததாகும். சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வு, மாணவர் தலைவர் முறை, விளையாட்டு இல்லங்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். மலாய், சீன, இந்தியச் சிறுவர்கள் ஒரே வகுப்பில் அமர்ந்து பயின்றனர். இத்தகைய நகரப் பள்ளிகளில் தமிழ் மாணவர் பலர், யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்து ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்றியோரின் பிள்ளைகள் ஆவர்.

பள்ளி இல்லாத காலத்தின் பள்ளி நினைவு

1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. பெட்டாலிங் குன்றுக் கட்டடம் ஜப்பானியப் படையின் பயன்பாட்டிற்குச் சென்றது. நாட்டைவிட்டு வெளியேறாத ஐரோப்பிய ஆசிரியர்கள் சிறைமுகாம்களில் அடைக்கப்பட்டனர். சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வும் நின்றுபோயிற்று. 1942இல் நாட்டின் பல இடங்களில் பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டபோது, ஆங்கிலம் பயிற்றுமொழி என்னும் நிலையை இழந்திருந்தது. நிப்போங்கோ எனப்பட்ட ஜப்பானிய மொழி முதன்மை பெற்றது.

இக்காலம் பற்றிய நினைவுகளில் சில செய்திகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. கத்தகானா எழுத்துப் பயிற்சி, காலையில் தோக்கியோ திசை நோக்கித் தலைவணங்குதல், 'கிமிகாயோ' பாடுதல், வானொலி இசைக்கேற்ப உடற்பயிற்சி செய்தல், தோக்கியோ நேரத்திற்கு மாற்றப்பட்ட கடிகாரம், 1942ஐ 2602 என எழுதிய நாள்காட்டி ஆகியவை அவை. இவற்றோடு மரவள்ளிக் கிழங்கும் வாழைமரப் படம் பொறித்த நோட்டும் இடம்பெறுகின்றன.

இங்கு ஒரு முரண் காணப்படுகிறது. 'போர்க்காலத்தில் எங்கள் பள்ளி' என்று கூறும்போது, அப்பள்ளி பழைய வடிவில் இயங்கவே இல்லை. வகுப்புத் தோழர்கள் ஒருங்கே நினைவுகூரக்கூடியவை 1941ஆம் ஆண்டிறுதியில் கலைந்து சென்றதும், போர் முடிந்தபின் மீண்டும் கூடியதுமே ஆகும். இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொருவரும் தத்தம் சமூகத்தின் போரைத் தனியே எதிர்கொண்டனர்.

ஒரே வகுப்பு, வெவ்வேறு அனுபவங்கள்

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்ததை அடுத்து நடந்த 'சூக் சிங்' படுகொலை சீன மாணவர் நினைவில் முதலிடம் பெறுகிறது. தந்தையையோ தமையனையோ இழந்த குடும்பங்கள் பல. இந்திய மாணவர் நினைவிலோ இந்திய சுதந்திரச் சங்கமும், 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த நேதாஜி சுபாஷ் சந்திரபோஸும், இந்திய தேசிய ராணுவமும், சிறுவர்களுக்கான பாலசேனையும் முன்னிற்கின்றன. ஒருவர்க்கு அச்சமாக நிலைத்த காலம் மற்றொருவர்க்கு அச்சத்தோடு எழுச்சியும் கலந்த காலமாக இருந்தது. இரண்டையும் உண்மையென ஏற்பதே வரலாற்றாசிரியரின் கடமையாகும். 'எல்லோரும் சேர்ந்து துன்புற்றோம்' எனும் பொதுக்கூற்று இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

1945 செப்டம்பர் 13ஆம் நாள், ஜப்பானிய 29ஆம் படையின் தளபதி இஷிகுரோ இப்பள்ளி மண்டபத்திலேயே சரணடைவுப் பத்திரத்தில் கையொப்பமிட்டார். பள்ளியின் வரலாற்றில் இது பெருமைக்குரிய நிகழ்வாகப் பேசப்படுகிறது. ஆயின், மாணவர்களைப் பொறுத்தவரை போரின் உண்மைக் கணக்கு வகுப்பறையிலேயே வெளிப்பட்டது. 1941இல் 12 வயதில் படிப்பை விட்டவன் 16 வயதில் அதே பாடத்தை மீண்டும் தொடங்கவேண்டியிருந்தது. குடும்பச் சுமையால் திரும்பி வராதவர்களும் இருந்தனர். பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசுவோர் திரும்பி வந்தவர்களே என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

சங்கம் இல்லாத பள்ளிகள்

இதனினும் பெரிய மௌனம் தோட்டப்புறத்தில் உள்ளது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுக் குழந்தைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்தவேண்டும் என விதித்தது. அவ்வாறு தோன்றிய தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் ஓராசிரியரே எல்லா வகுப்புகளையும் நடத்தினார். அவற்றிற்கு ஆண்டு மலர் இல்லை. பழைய மாணவர் சங்கமும் இல்லை.

சயாம் – பர்மா ரயில்பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் நிறைவுற்றபோது, பல்லாயிரவர் மாண்டிருந்தனர். அவர்களின் பிள்ளைகளும் பள்ளிச் சிறுவர்களே. நகரப் பள்ளிச் சிறுவன் போரில் மூன்றரை ஆண்டுப் படிப்பை இழந்தான்; தோட்டச் சிறுவர்களுள் பலர் படிப்போடு தந்தையையும் இழந்தனர். முன்னவனின் இழப்பு மலரில் அச்சேறியது. பின்னவனின் இழப்பு வீட்டுப் பேச்சிலும் ஒப்பாரியிலும் நின்றுவிட்டது.

முடிவுரை

சிங்கப்பூரில் 1979இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கப்பெற்று, ஜப்பானியர் ஆட்சிக்கால நினைவுகள் ஒலிநாடாவில் பதிவாயின. அப்போது சாட்சிகள் நடுத்தர வயதினர். 1942இல் 12 வயதினராய் இருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டனர். நேரடிச் சான்றைப் பெறும் வாய்ப்பு ஏறத்தாழ முடிந்துவிட்டது எனலாம்.

எனினும் செய்யக்கூடியன உள. தந்தை சொல்லக் கேட்டதைப் பிள்ளைகள் கூறும்போது, அது கேள்விவழிச் செய்தி என்னும் குறிப்புடன் பதிவுசெய்யலாம். தமிழ்ப்பள்ளிகளில் எஞ்சியுள்ள பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் பாதுகாக்கலாம். 1946, 1947ஆம் ஆண்டுகளின் பதிவேட்டில் மாணவரின் வயதும் பெற்றோர் அல்லது காப்பாளரின் பெயரும் காணப்படுமாயின், எத்தனைச் சிறுவர்கள் காலங்கடந்து பள்ளிக்கு வந்தனர், எத்தனை பேர் தந்தையின்றி வந்தனர் என்பதை அறிய அது துணைசெய்யும். நினைவுகள் வாய்க்காத பள்ளிகளுக்கு அப்பதிவேடே நினைவாகும். அது கரையானுக்கு இரையாகுமுன் பிரதி எடுத்து வைப்பது தமிழாசிரியர்களால் இயலக்கூடிய வரலாற்றுப் பணியாகும்.