பேசாப்படக் காலத்து ஃபாத்திமா பேகம்

பெண்கள் நடிப்பதே இழிவெனக் கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1913-ஆம் ஆண்டு தாதாசாகெப் பால்கே ‘ராஜா ஹரிச்சந்திரா’ என்னும் பேசாப்படத்தை எடுத்தபோது, அரசி தாராமதியாக நடிக்கப் பெண்ணொருத்தியும் கிடைக்கவில்லை. சாளுங்கே என்னும் ஆடவரே சேலையுடுத்தி அவ்வேடம் ஏற்றார்.

அந்நிலை மெல்ல மாறிவந்த வேளையில், 1922-இல் ‘வீர் அபிமன்யு’ என்னும் படத்தின் வாயிலாகத் திரைக்கு வந்தவர் ஃபாத்திமா பேகம். உருது நாடக மேடையில் பயின்றவர். சுல்தானா, சுபைதா, ஷெஹ்சாதி என்னும் அவருடைய புதல்வியர் மூவரும் பின்னர் நடிகையராயினர்.

திரைப்படம் ஆகுமா, ஆகாதா என்னும் மார்க்கத் தீர்ப்பு இங்கு நம் பொருளன்று. நடந்ததை நடந்தவாறு உரைப்பதே வரலாற்றின் கடமை. அவ்வகையில் நாம் மறக்கலாகாத ஆண்டு 1926. அவ்வாண்டில் ஃபாத்திமா பேகம் தம் பெயரிலேயே ஒரு படநிறுவனம் தொடங்கி, ‘புல்புலே பரிஸ்தான்’ என்னும் படத்தைத் தாமே இயக்கினார். ‘பரி’ எனின் பாரசீகத்தில் வான்மகள். ‘பரிஸ்தான்’ அவர்கள் வாழும் கற்பனை நாடு. தந்திரக் காட்சிகள் நிறைந்த அப்படமே இந்தியாவில் பெண்ணொருவர் இயக்கிய முதற்படம். நம் தமிழகத்தில் டி.பி. ராஜலட்சுமி ‘மிஸ் கமலா’வை இயக்கியது அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1936-இல்தான்.

அமெரிக்காவின் நகைச்சுவை நடிகை மேபல் நார்மண்ட், 1914-இலேயே தாம் நடித்த படங்களைத் தாமே இயக்கியவர். அவருடைய படங்கள் பல இன்றும் இருக்கின்றன. ஒரு நூற்றாண்டு கடந்தும் மக்கள் கண்டு சிரிக்கின்றனர். ‘புல்புலே பரிஸ்தா’னோ ஓரடிச் சுருளும் எஞ்சாமல் மறைந்தது. சுபைதா கதாநாயகியாக நடித்து, 1931 மார்ச் 14-இல் வெளிவந்த இந்தியாவின் முதற் பேசும்படம் ‘ஆலம் ஆரா’வுக்கும் இதே கதிதான்.

காரணம் யாது? அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றுவது, வெப்பத்தில் சிதைவது. மேலும் அதன் பூச்சில் வெள்ளி இருந்தது. ஓடி முடிந்த படத்தால் இனி வருவாய் இல்லை எனக் கண்டோர், வெள்ளியைப் பிரித்தெடுக்கச் சுருள்களை விற்றனர்.

காஞ்சியில் வாழும் நமக்கு இது புதிதன்று. இவ்வூர்ப் பட்டுக்கு நெடுங்காலமாகச் சரிகை வழங்கிய நகரம் சூரத்து. 1911-இல் சுபைதா பிறந்ததும் அதே ஊரில்தான். பழம்பட்டை விலைக்கு வாங்குவோர் அதை எரித்துச் சரிகையின் வெள்ளியை எடுத்துக்கொள்வர். வெள்ளி மிஞ்சும், நெய்தவர் கைத்திறன் சாம்பலாகும்.

ஹிஜ்ரி 377-இல் (கி.பி. 987) பக்தாதில் இப்னு நதீம் தாம் அறிந்த நூல்களையெல்லாம் ‘ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூலில் பெயரிட்டுத் தொகுத்தார். அவற்றுள் பெரும்பாலானவை இன்றில்லை. ஆயினும் அவை இருந்தன என்பதை நாம் அறிவோம். ஒருவர் எழுதிவைத்ததே அதற்குக் காரணம்.

1983-இல் மறைந்த ஃபாத்திமா பேகத்துக்கும் எஞ்சியிருப்பது எழுதப்பட்ட பெயரே. நம் இல்லங்களில் பாட்டியர் ஓதிய அரபுத்தமிழ் ஏடுகளும், அவர்தம் கைவேலைகளும் பெயரின்றிக் கிடக்கின்றன. அவை பழம்பொருள் வணிகர் கைக்குப் போகுமுன், இன்னார் செய்தது, இன்ன ஆண்டில் செய்தது என்றேனும் குறித்துவைப்போமாக.